குழிக்கு உடையவன்

ஞானஸ்நானம் எடுத்துத் தாமிரபரணியிலிருந்து கரையேறிய மணிராஜுக்கு உடம்பில் எடை இல்லாமல் போயிருந்தது. அது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சேரன்மகாதேவிச் சந்தையில் அன்று கத்தரிக்காய் மலிவு. திரவியபுரத்து நிறைகிருபை சபையின் பாஸ்டர் எபி அவனைத் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டியிருந்ததே தவிர, தூக்க வேண்டியிருக்கவில்லை. நெட்டிக்கட்டை போல அவனே மேலே வந்துவிட்டான். கரையில் துண்டோடு நின்ற பெண்கள்தான் முதலில் கவனித்தார்கள். ஈர மணலில் பாஸ்டரின் கால்தடம் பதிந்திருந்தது, அவருக்குப் பின்னால் வந்தவனின் தடம் இல்லை. சந்தேகம் தீர்வதற்காக அவனை ஊர் முனையில் இருக்கும் அலி அக்பரின் பழைய இரும்புக் கடைக்கு அழைத்துப்போய் எடைமேடையில் ஏற்றினார்கள். முள் அசையவில்லை. அலி அக்பர் ஒரு சைக்கிள் சக்கரத்தை வைத்துப் பார்த்தார், முள் நகர்ந்தது. சக்கரத்தை எடுத்துவிட்டு மறுபடி மணிராஜை ஏற்றினார். "மிஷின் சரியாத்தான் இருக்கு பாஸ்டர், ஆளுதான் இல்ல" என்றார். பாஸ்டர் எபி இரண்டு கைகளையும் உயர்த்தி, இவனுடைய பாவபாரம் நீங்கிவிட்டது என்று கடைவாசலிலேயே ஸ்தோத்திரம் சொன்னார். கூட்டம் அழுதது.

நீங்கிய பாரம் என்ன என்பது ஊருக்குத் தெரியும். மணிராஜ் கொத்தனாருக்குக் கையாளாகத் தொடங்கி, டிப்பர் லாரிகளுக்குச் சொந்தக்காரனாகி, எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் இடத்துக்கு வந்தவன். ஆற்றோரத்துப் பட்டா நிலம் ஒன்றில் சவுடு மண் அள்ள அனுமதி வாங்கி, அந்த நிலத்தின் எல்லையை ஆற்றின் நடுவரை நீட்டிக்கொண்டான். பகலில் சவுடும் மற்ற நேரங்களில் மணலும் போயின. அவன் வெட்டிய குழிகளில் ஒரு பனைமரத்தை நிறுத்தினால் ஓலை மட்டும்தான் வெளியே தெரியும். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மூடிவிடும். எது முழங்கால் ஆழம், எது பனைமர ஆழம் என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஞானஸ்நானத்துக்கு முந்திய புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை, சபீதா டீச்சர் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் மகள் ப்ரீதா, போன வாரம் வரை தரை இருந்த இடத்தில் காலை வைத்தாள். அவளுக்குப் பத்து வயது. தீயணைப்புக்காரர்கள் சாயங்காலம் அவளை வெளியே எடுத்தார்கள். கால் தவறி விழுந்து மரணம் என்று வழக்கு முடிந்தது. குழி என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. அடக்கத்துக்கு மணிராஜ் வரவில்லை, மலர்வளையம் அனுப்பியிருந்தான். அதில் ஜிகினா எழுத்தில் அவன் பேர் இருந்தது, பிள்ளையின் பேர் இல்லை. சபீதா அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள். மஸ்கட்டில் வெல்டராக இருந்த அவள் கணவர் செல்வின் வந்து அழுதுவிட்டு, விடுப்பு முடிந்து போனார்.

சபீதா பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். நிறைகிருபை சபையில் ஞாயிறு பள்ளியும் அவள்தான் நடத்தினாள். திரவியபுரத்துப் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பது அவளுடைய உபயம். மகளைப் புதைத்த அடுத்த வாரமும் அவள் சபைக்குப் போனாள். அவளுக்கு ஆண்டவர் மேல் கோபம் இருக்கவில்லை, அல்லது இருந்ததை அவரிடமே நேரில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே, ஞானஸ்நானத்துக்கு மறுவாரம் மணிராஜ் வெள்ளை வேட்டி சட்டையில் மைக்கின் முன்னால் சாட்சி சொல்ல நின்றபோது, அவள் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்று அவனைத் தள்ளாதபடி இரண்டு பேர் தோளைப் பிடித்திருந்தார்கள். "என் பாரமெல்லாம் போயிட்டு. இப்ப நல்லாத் தூங்குதேன், நல்லாச் சாப்பிடுதேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றான். சபை அல்லேலூயா என்றது. சபீதா எழுந்து நின்றாள்.

"எந்தப் பாரம் போச்சு அண்ணாச்சி? பேரச் சொல்லுங்க."

மணிராஜ் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் எபி பொய்யர் அல்ல. ஒரு காலத்தில் குடித்துவிட்டுப் பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்தவரைக் கிருபை தூக்கி நிறுத்தியது. தூக்கிய கையைத் தவிர வேறு எதையும் பார்க்க அதன்பிறகு அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. "சிஸ்டர், உக்காருங்க. ஆண்டவர் மன்னிச்சத நாம தோண்டக்கூடாது. நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்ல, கிருபைக்குக் கீழ இருக்கோம்" என்று மென்மையாகத்தான் சொன்னார்.

"தோண்டுனது நானில்ல பாஸ்டர். குழிய வெட்டி மூடாம விட்டவனப் பத்தி மோசே என்ன சொல்லியிருக்காருன்னு வாசிச்சிருக்கீங்கள்லா? மாடு விழுந்தாலும் குழிக்கு உடையவன் ஈடு கட்டணும். கழுதை விழுந்தாலும் கட்டணும். எம் பிள்ளை கழுதையவிடக் கேவலமாப் போயிட்டாளா?"

"அது யூத ஜனங்களுக்குக் கொடுத்த பழைய சட்டம் சிஸ்டர். கிறிஸ்து அத நிறைவேத்தி முடிச்சிட்டாரு."

"கொலை செய்யாதன்னு சொன்னதும் பழைய சட்டந்தான். சம்பளத்துல பத்துல ஒண்ணு தசமபாகம்னு வாங்குததும் பழைய சட்டந்தான். அது மட்டும் எப்படி மாசாமாசம் புதுசாவே இருக்கு?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் கையைக் காட்ட, கீபோர்டு வாசிக்கிறவர் பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை சபீதா நின்றுகொண்டே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தச் சபையில் பாடவே இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் குழியின் சட்டத்தை மனப்பாடம் செய்ய வைத்தாள். அவர்கள் அதைத் தெருவில் பந்து விளையாடும்போது கத்திக்கொண்டு திரிந்தார்கள். மணிராஜின் வீட்டு வாசலிலும் கத்தினார்கள். மாசி முடிவதற்குள் பாஸ்டர் அவளிடமிருந்து ஞாயிறு பள்ளியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். கசப்பு வேர் சபையில் முளைக்கக்கூடாது என்று காரணம் சொன்னார். அன்று அவள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிய எழுத்து, சாக்பீஸை அவள் அழுத்திய அழுத்தத்தில், பலகையில் செதுக்கியதுபோல நின்றுவிட்டது. தலைமையாசிரியர் வேறு பலகை வாங்கினார்.

எடையில்லாத மனிதனைப் பார்க்கக் களக்காட்டிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனவர்கள்கூடப் பச்சை வேட்டியோடு ஒதுங்கி வந்து பார்த்துவிட்டு, பூதத்தான் கடையில் டீ குடித்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள். சபைக்குப் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டார்கள். மணிராஜ் பார்வையாளர்களின் உள்ளங்கையில் ஏறி நின்று காட்டினான். குழந்தைகள் அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். லாரிகள் வழக்கம்போல ஓடின. மன்னிப்பு கிடைத்த மனிதனின் லாரிகளை மறிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனியில் காற்று எழும்பியது. மலைக்கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காற்று நெல்லைச் சீமையில் வருஷாவருஷம் வருவதுதான். வாழையைச் சாய்க்கும், ஓடுகளைப் பிரிக்கும், அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வருஷம் அது மணிராஜைத் தூக்கியது. முதல் தடவை பக்கத்து வீட்டு முருங்கையில் பிடித்தார்கள். பையில் கல்லைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அலி அக்பர். போட்டுக்கொண்டான், ஆனால் அவன் பைக்குள் போனதும் கல்லுக்கும் எடை போய்விட்டது. இரும்புக் குண்டும் அப்படியே ஆனது. அவனுடைய மனைவி சுகன்யா அவனைத் தென்னங்கயிற்றால் வீட்டுத் தூணில் கட்டிவைத்துச் சோறு ஊட்டினாள். வேனில் வந்தவர்கள் கட்டியிருந்தவனைப் பார்த்துவிட்டு அவ்வளவாக அல்லேலூயா சொல்லவில்லை. "எனக்கு இந்த ஆசீர்வாதம் போதும் பாஸ்டர். கொஞ்சம் கொறைக்கச் சொல்லி ஜெபம் பண்ணுங்க" என்று அவன் கேட்டான். பாஸ்டர் எபி உபவாசம் இருந்து ஜெபித்தார். கிருபையைக் குறைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆடியில் கயிறு அறுந்தது. காற்று மணிராஜை வயல்களுக்கு மேலாகக் கொண்டுபோய், ஆற்றுக்குள் அவன் வெட்டிய பெரிய குழியின் விளிம்பில் நின்ற முள் அடர்ந்த உடைமரத்தில் மாட்டியது. இறக்கிக்கொண்டு வந்து இன்னும் தடித்த கயிற்றால் கட்டினார்கள். மறுபடி அறுந்தது, மறுபடி அதே மரம். ஊர் முழுவதும் எவ்வளவோ மரங்கள் இருந்தும் காற்று அவனை வேறெதிலும் மாட்டவில்லை. மூன்றாவது தடவை மாட்டியபோது ஊரில் நடவு வேலை நடந்துகொண்டிருந்தது, இறக்க ஆள் யாரும் வரவில்லை. பாஸ்டர், இது சோதனைக் காலம், பொறுத்திருப்போம் என்று சொல்லியனுப்பினார். சுகன்யா ஏணி கேட்டு வீடு வீடாக அலைந்தாள்.

அது சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் சபீதா அந்தக் குழியின் கரைக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். அன்றும் வந்தாள். தலைக்கு மேலே முள்ளில் சிக்கிச் சட்டை கிழிந்து, காற்றில் வேட்டியைப்போலப் படபடத்துக்கொண்டிருந்த மணிராஜைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அந்தக் கயத்தப் பிடிங்க டீச்சர். முள்ளு விட்டுட்டுன்னா நான் எங்கன போய் விழுவேன்னு தெரியாது."

"உன்னால விழ முடியாதுல்லா. அதத்தான ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

அண்ணாச்சி என்று அவள் கூப்பிடவில்லை என்பதை அவன் கவனித்தான். "பயமா இருக்கு டீச்சர்."

"எம் பிள்ளைக்கும் பயமாத்தான் இருந்திருக்கும். அவ கையத் தூக்குனா. நான் பாத்தேன். சோப்பு நுரையோட ஓடுனேன்."

மணிராஜ் அழுகிற குரலில் சொன்னான், "நான் மன்னிப்பு கேட்டுட்டேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. தண்ணிக்குள்ள வச்சு அவரு என்னத் தொட்டது எனக்குத் தெரியும். பொய் சொல்லல டீச்சர்."

சபீதா எழுந்தாள். அவள் குரல் அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த மாடக்கண்ணுக்குக்கூடக் கேட்டது. அன்று நடந்ததை ஊர் அறிந்ததும் அவர் மூலமாகத்தான். "அவரு பிள்ளையக் கொன்னவங்கள அவரு மன்னிக்கட்டும். அது அவரு பிள்ளை, அவரு இஷ்டம். செத்தவ எம் பிள்ளை! எங்கிட்ட யாருவே கேட்டா? நீ கேட்டியா? உம் பாஸ்டர் கேட்டாரா? என் வீட்டு வாசல்ல வந்து எவனாவது நின்னானா? கிருபை சும்மா வந்துச்சு, வரட்டும். குழி சும்மா மூடிக்கிடுமா?"

"ஈடு தாரேன் டீச்சர். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"உங்கிட்ட நான் வாங்குததுக்கு ஒண்ணுமில்ல. அந்தச் சட்டத்துல கடைசில ஒரு வார்த்தை இருக்கு. நீங்க யாரும் அதுவரைக்கும் வாசிக்கல. ஈடு கட்டுனதுக்கப்புறம் செத்தது யாருக்குன்னு சொல்லியிருக்கு. செத்தது குழிக்கு உடையவனுக்கு." அவள் மரத்தின் அடியில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். "அவ பேரு என்ன? சொல்லு."

அவன் யோசித்தான். யோசித்தது அவன் முகத்தில் தெரிந்தது. "தெரியாது டீச்சர்" என்றான்.

அவள் அடிப்பதற்குக் கல் தேடியதாக மாடக்கண்ணு சொன்னார். அந்த இடத்தில் கல் ஏதும் இல்லை, எல்லாம் லாரியில் போயிருந்தது. "ப்ரீதா. ப்ரீதா செல்வின். அஞ்சாங்கிளாஸ். இடது கைலதான் எழுதுவா. தயிர்ச்சோறு பிடிக்காது. நானே பத்து மாசம் சுமந்தேன், பத்து வருஷம் தூக்கி வளத்தேன். இனிமே அவ உனக்கு. எடுத்துக்கோ. நீ சும."

மணிராஜ் அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னான். சொன்னதும் உடைமரக் கிளை முறிந்தது. அவன் குழியின் சரிவில் விழுந்து, முழங்கால்வரை சேற்றில் புதைந்தான். எழுந்திருக்க முயன்றபோது முன்பக்கமாகக் குனிந்துதான் எழ முடிந்தது. அவன் முதுகில் யாரோ இருந்தார்கள். சட்டையின் பின்பக்கம் நனைந்து தண்ணீர் சொட்டியது. கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் சட்டைக் காலர் அமுங்கியிருந்தது, கை போட்டுப் பிடித்துக்கொண்டதுபோல. சபீதா அவனுக்குக் கை கொடுக்கவில்லை. அவன் தானாகக் கரையேறி, ஒவ்வொரு அடிக்கும் ஆழமாகத் தடம் பதித்துக்கொண்டு ஊருக்குள் வந்தான். அலி அக்பர் கேட்காமலே எடைமேடையைத் துடைத்து வைத்தார். முள் ஒரு ஆளுடைய எடையையும் ஒரு பிள்ளையுடைய எடையையும் சேர்த்துக் காட்டியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடையைச் சாத்தினார்.

மணிராஜ் கிருபையிலிருந்து விழுந்துவிட்டான் என்று பாஸ்டர் எபி அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தார். மணிராஜ் சபையில் இருந்தான், சுவரில் முதுகு இடிக்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தான். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து, "அன்னைக்கு அவரு என்னத் தொட்டது நெசம் பாஸ்டர், அது எங்கயும் போகல. இந்தப் பிள்ளையத் தூக்குததுக்குத் தெம்பு வேணும்னுதான் தொட்டாரோ என்னமோ. நாம பாதியிலேயே கைதட்டிட்டோம்" என்றான். மைக் இல்லாததால் முன்வரிசைக்குத்தான் கேட்டது. வேன்கள் வருவது நின்றது. சில மாதங்கள் கழித்து பாஸ்டர் எபி சபீதாவின் வீட்டு வாசலுக்கு வந்து வெயிலில் நின்றார். அவள் அவரை நிற்கவைத்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "வேண்டாம். இங்கனயே முத்தத்துல பாய் போட்டு நடத்துதேன். நீங்க வேணும்னா வந்து உக்காருங்க" என்றாள். ஒருமுறை வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள்.

மணிராஜ் லாரிகளை விற்றுவிட்டு, தான் வெட்டிய குழிகளை மூடத் தொடங்கினான். இயந்திரம் வைத்து மூடலாமே என்று பூதத்தான் கேட்டபோது, இறக்கிவைக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு இயந்திரத்தில் ஏற முடியவில்லை என்றான். சட்டியில் மண் சுமந்துதான் மூடினான். வெள்ளம் வந்து அரித்துக்கொண்டு போனால் மறுபடி கொட்டினான். அதே ஆற்றில் வேறு ஆட்கள் வெட்டிய குழிகளும் இருந்தன. அவற்றுக்கு உடையவர்கள் யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவர்களுடைய எடையில் மாற்றமும் இல்லை. திருவிழா நோட்டீஸ்களில் அவர்கள் பேர் பெரிய எழுத்தில் வந்தது. சபீதா சனிக்கிழமைகளில் வந்து, அவன் கொட்டிய மண்ணை மிதித்துப் பார்ப்பாள். "இங்கன இளகிக் கெடக்கு. நல்லா இடி" என்பாள். வேறு பேச்சு இல்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்டவர்களிடம், அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் பேரைச் சொல்லி, அப்புறம் கேளுங்கள் என்றாள். ஒரேயொரு தடவை அவனிடம், "பாரமா இருக்காளா?" என்று கேட்டாள். "ஆமா டீச்சர்" என்றான். "இருக்கட்டும்" என்றாள்.

ஊர் பழகிக்கொண்டது. சுகன்யா கணவனின் சட்டைகளைப் பின்பக்கம் இரட்டைத் துணி வைத்துத் தைத்தாள். பூதத்தான் தன் பெஞ்சில் அவன் உட்காரும் முனையில் பழைய செய்தித்தாள் விரித்தார். தயிர்ச்சோறு சாப்பிட்டால் மட்டும் அவனுக்கு முதுகில் உதை விழுந்தது, அதனால் அந்த வீட்டில் தயிர் உறை ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். சேரன்மகாதேவிக்குப் போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர், மணிராஜ் ஏறினால் கேட்காமலே ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழிப்பார். இந்த வருஷம் சித்திரையில் அவன் படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மூச்சு வாங்க ஏறுவதைக் கண்டக்டர் பார்த்தார். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. இரண்டு முழு டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுத்தார். மணிராஜ் வாங்கிக்கொண்டு, முதுகைத் திருப்பி, ஜன்னலோர இருக்கையில் முதல் தடவையாக அவளைப் பைய இறக்கி உட்காரவைத்துவிட்டு அடுத்த இடத்தில் உட்கார்ந்தான். ரெக்சின் மேல் ஈரம் பரவியது. முன்னால் பெண்கள் இருக்கையில் இருந்த சபீதா டீச்சர் திரும்பிப் பார்த்தாள். மணிராஜை அல்ல, அவனுக்கு அந்தப் பக்கம், ஜன்னலை.

"ஏட்டி, தலைய வெளிய நீட்டாத" என்று அதட்டினாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.